வாங்கியதன் முழுப் பயன்



வீட்டில் புதிதாக ஒரு தையல் இயந்திரம் வாங்கினால், பெட்டியிலிருந்து எடுத்தவுடனே பட்டுத் துணியை அதன் ஊசிக்கடியில் வைப்பவர் எவருமிலர். எண்ணெயிட்டு, நூலின் இறுக்கம் பார்த்து, கந்தல் துணியில் நான்கு தையல் ஓட்டிய பின்னரே நல்ல துணியைக் கையில் எடுப்போம். கணினி விஷயத்தில் மட்டும் இந்த நிதானம் நமக்கு ஏனோ வருவதில்லை. பாகம் பாகமாக வாங்கி வந்து, கூடத்திலே பிள்ளைகள் தாங்களே பூட்டிய விளையாட்டுக் கணினியில் விளக்கெரிந்து, விசிறி சுழன்று, திரையில் படம் தெரிந்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணிவிடுகிறோம்.

சில நாட்களில் முறையீடு தொடங்குகிறது. "எதிர்பார்த்த வேகம் இல்லை, படம் திக்கித் திக்கி நகர்கிறது, இதைவிடப் பெரிய கிராபிக்ஸ் கார்டு வாங்கியிருக்க வேண்டும்" என்று மகன் சொல்கிறான். "அரும்பாடுபட்டுச் சேர்த்த பணம் வீணாயிற்றா?" என்று தந்தை கலங்குகிறார். இருவருக்கும் நடுவே நின்று தாய் சமாதானம் பேசுகிறார். இத்தகைய வீடுகளுக்கு நாம் சொல்ல விரும்புவது ஒன்றே: மேலும் வாங்குவதற்கு முன், வாங்கியதன் முழுப் பயனையும் பெற்றுவிட்டோமா என்று பாருங்கள். பூட்டி முடித்த கணினி பல வேளைகளில் தன் ஆற்றலின் ஒரு பகுதியை மடியில் முடிந்து வைத்துக்கொண்டே நம்மோடு பழகுகிறது. கேட்டால்தான் கொடுக்கும்.

இதற்குக் காரணம் உண்டு. ஒரே நிறுவனம் முழுதாகச் செய்து விற்கும் தொலைக்காட்சிப் பெட்டி போன்றதன்று நாம் பூட்டும் கணினி. பிராசஸர் ஒரு நிறுவனத்தினுடையது; மதர்போர்டு வேறொன்றினுடையது; ரேமும் வரைகலை அட்டையும் இன்னும் வேறு இடங்களில் பிறந்தவை. தன்னோடு எவை வந்து சேரும் என்பதை மதர்போர்டு முன்கூட்டி அறியாது. ஆகவே பல அமைப்புகள், எவரோடும் தகராறின்றி ஓடக்கூடிய மிதமான நிலையில் வைக்கப்பட்டே வருகின்றன. அவற்றை நம் பாகங்களுக்குப் பொருந்தச் செய்வது பூட்டியவரின் கடமை.

பேச்சு தெளிவாயிருக்கும் பொருட்டு ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் 5 7600 என்னும் 6 கோர் பிராசஸர், 16 ஜி.பி. வீதம் இரண்டு டி.டி.ஆர். 5 ரேம் துண்டுகள். என்விடியா நிறுவனம் 2023-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆர்.டி.எக்ஸ். 4070 வகைக் கிராபிக்ஸ் கார்டு, அதாவது வரைகலை அட்டை. 2560-க்கு 1440 புள்ளிகளும் 144 ஹெர்ட்ஸ் வேகமும் கொண்ட மானிட்டர். நடுத்தர விளையாட்டுக் கணினி இது.

முதலில் அளத்தல்

அளக்காமல் திருத்துவது, காய்ச்சல் பாராமல் மருந்து கொடுப்பதற்கு ஒப்பாகும். பல விளையாட்டுகளில் தம்மைத் தாமே அளந்து காட்டும் சோதனை ஓட்டம் உண்டு. 2021-இல் வெளிவந்த போர்சா ஹொரைசன் 5 என்னும் கார்ப் பந்தய விளையாட்டில் அது இருக்கிறது. 2018-இல் வந்த ஷேடோ ஆப் தி டூம் ரைடரிலும் இருக்கிறது. ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, எதையும் மாற்றுமுன் இச்சோதனையை மும்முறை ஓட்டி, கிடைத்த எண்களைத் தேதியிட்டு எழுதுங்கள்.

எழுத வேண்டியவை இரண்டு. ஒன்று, நொடிக்கு எத்தனை பிரேம் என்னும் சராசரி. மற்றொன்று, மிகவும் தாமதமாக வந்த 1 விழுக்காடு பிரேம்களின் வேகம். நொடிக்கு 60 பிரேம் என்றால் ஒவ்வொரு படத்துக்கும் 16.7 மில்லி நொடி. 144 பிரேம் என்றால் 6.9 மில்லி நொடி. சராசரி 100 என்று காட்டினாலும், இடையிடையே ஒரு படம் 50 மில்லி நொடி தாமதித்தால் கண்ணுக்குத் திக்கலாகவே தெரியும். சராசரியை மட்டும் பார்த்து மகிழ்கிறவன், ஏரியின் சராசரி ஆழத்தைக் கேட்டுவிட்டு நீரில் இறங்குகிறவனைப் போன்றவன்.

ஒரு மாற்றம், ஒரு சோதனை, ஒரு குறிப்பு: இதுவே விதி. ஐந்து அமைப்புகளை ஒரே நேரத்தில் மாற்றினால், நன்மை செய்தது எது, தீமை செய்தது எது என்று எவராலும் சொல்ல இயலாது.

பூட்டுதலில் நேரும் சிறு பிழைகள்

மென்பொருளைத் தொடுமுன் கேபினட்டின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து, மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, ஐந்து இடங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, மானிட்டரின் கம்பி எங்கே செருகப்பட்டிருக்கிறது? கேபினட்டின் பின்புறம் மேலே, மதர்போர்டிலும் ஒரு திரைவாய் இருக்கும். கீழே வரைகலை அட்டையிலும் இருக்கும். மேலே செருகிவிட்டால், பிராசஸருக்குள் இருக்கும் சிறிய வரைகலைப் பகுதியே வேலை செய்யும். பெரும் பணம் கொடுத்து வாங்கிய அட்டை பெரும்பாலும் சும்மா கிடக்கும். நாம் எடுத்துக்கொண்ட ரைசன் 5 7600-இல் அத்தகைய சிறு பகுதி இருப்பதால், படமும் தெரியும், பிழையும் மறைந்திருக்கும்.

இரண்டாவது, ரேம் துண்டுகள். நான்கு பள்ளமுள்ள மதர்போர்டில் இரண்டு துண்டுகளை, பிராசஸரிலிருந்து எண்ணி 2-ஆம், 4-ஆம் பள்ளங்களில் இடுவதே பெரும்பாலும் முறை. அடுத்தடுத்து இட்டால் இரட்டை வழிப்பாதை ஒற்றை வழியாகிவிடும்.

மூன்றாவது, வரைகலை அட்டை மேலுள்ள நீண்ட பள்ளத்தில்தான் இருக்கிறதா என்பது. கீழுள்ள பள்ளமும் பார்வைக்கு அதே நீளமே. ஆனால் பல மதர்போர்டுகளில் அதற்கு 16 பாதைகளுக்குப் பதிலாக 4 பாதைகளே உண்டு.

நான்காவது, மின்கம்பி. பள்ளம் வழியாக ஓர் அட்டைக்கு 75 வாட்டும், 8 முனைக் கம்பி ஒன்றின் வழியாக 150 வாட்டும் கொடுக்கலாம் என்பது வகுக்கப்பட்ட அளவு. இரண்டு 8 முனை கேட்கும் அட்டைக்கு, எஸ்.எம்.பி.எஸ். பெட்டியிலிருந்து இரண்டு தனிக் கம்பிகளைக் கொண்டு வருவதே நலம். புதிய அட்டைகள் பலவற்றில் 16 முனைகள் கொண்ட சிறிய இணைப்பு வந்திருக்கிறது. 2022-ஆம் ஆண்டு இறுதியில், 450 வாட்டு மின்சாரம் கொள்ளும் ஆர்.டி.எக்ஸ். 4090 அட்டைகள் சிலவற்றில் இவ்விணைப்பு உருகிப்போன செய்தி பல நாடுகளிலிருந்தும் வந்தது. முழுதாகச் செருகப்படாமை பொதுவாகக் காணப்பட்ட குறை என்று என்விடியா அப்போது தெரிவித்தது. பின்னர் இணைப்பின் வடிவமும் திருத்தப்பட்டது. ஆகவே கொக்கி பொருந்தும்வரை அழுத்தி, இடைவெளி சிறிதும் தெரியவில்லை என்று கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். இணைப்பின் அருகிலேயே கம்பியைக் கூர்மையாக மடிக்காதீர்கள்.

ஐந்தாவது, பிராசஸரின் மேல் அமரும் ஹீட் சிங்கின் அடியில் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் உரிக்கப்பட்டதா என்பது. கேட்பதற்குச் சிறு விஷயம். ஆனால் அந்தத் தாளோடு ஓடும் கணினி வெப்பத்தால் தவித்து, வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

இவை முடிந்தபின், விண்டோஸ் திரை அமைப்பில் மானிட்டரின் வேகத்தைப் பாருங்கள். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் 60-இல் நின்றுகொண்டிருப்பது மிகவும் வழக்கமான காட்சி. அதை ஒருவர் கைதொட்டு மாற்றும்வரை, அட்டை எத்தனை பிரேம் வரைந்தாலும் திரை 60 தடவைக்கு மேல் புதுப்பிக்காது.

பயாஸில் செய்ய வேண்டியவை

கணினி எழும்போது முதலில் விழிக்கும் அடிப்படை மென்பொருளே பயாஸ் எனப்படுவது. இங்கு இரண்டு காரியங்கள் முக்கியமானவை.

ரேம் பெட்டியின்மேல் 6000 என்று அச்சிட்டிருக்கும். நொடிக்கு 600 கோடி முறை தகவல் மாற்றும் என்பது பொருள். ஆனால் பூட்டிய அன்று அது பெரும்பாலும் 4800-இல்தான் ஓடும். பெட்டியில் எழுதிய வேகத்தைப் பெற, இன்டெல் வகுத்த எக்ஸ்.எம்.பி. அல்லது 2022-இல் ஏ.எம்.டி. கொண்டுவந்த எக்ஸ்போ என்னும் குறிப்பை பயாஸில் இயக்க வேண்டும். இயக்கியபின் முதன்முறை எழும்போது திரை சில நிமிடங்கள் கறுத்தே இருக்கலாம். ரேமோடு மதர்போர்டு பழகிக்கொள்ளும் நேரம் அது. பதறி மின்சாரத்தை நிறுத்தலாகாது. எழுந்தபின் மெம்டெஸ்ட்86 போன்ற ஒரு சோதனையை ஓர் இரவு முழுதும் ஓட்டுங்கள். ஒரு பிழை காட்டினாலும் வேகத்தை ஒரு படி இறக்குங்கள். பிழையோடு ஓடும் ரேம், விளையாட்டை மட்டுமன்று, வீட்டுக் கணக்கையும் குடும்பப் புகைப்படங்களையும் கெடுக்கவல்லது.

இரண்டாவது, ரீசைசபிள் பார் என்னும் அமைப்பு. முன்பெல்லாம் பிராசஸர், வரைகலை அட்டையின் நினைவகத்தை 256 எம்.பி. அளவுள்ள சிறு சாளரம் வழியாகவே எட்டிப் பார்த்தது. இவ்வமைப்பு முழுக் கதவையும் திறந்துவிடுகிறது. ஏ.எம்.டி. 2020-இலும், என்விடியா 2021-இலும் விளையாட்டு அட்டைகளுக்கு இதைக் கொண்டுவந்தன. பயன் விளையாட்டுக்கு விளையாட்டு மாறும். இன்டெல்லின் ஆர்க் அட்டைகளுக்கோ இஃது இன்றியமையாதது.

பயாஸைப் புதுப்பிப்பதும் அவசியமே. 2024-ஆம் ஆண்டில் இன்டெல்லின் 13-ஆம், 14-ஆம் தலைமுறை மேசைக்கணினிப் பிராசஸர்கள் பல நிலைகுலைந்து நின்றன. பிராசஸர் தேவைக்கு மேற்பட்ட மின்னழுத்தத்தைக் கேட்டு வாங்கியதே காரணம் என இன்டெல் அவ்வாண்டு ஜூலையில் அறிவித்தது. ஆகஸ்டு முதல் பயாஸ் வழியே திருத்தம் வந்தது. உத்தரவாதமும் 2 ஆண்டு நீட்டிக்கப்பட்டது. ஆயினும் முன்னமே பழுதுற்ற பிராசஸரைத் திருத்தம் குணமாக்காது என்றும் அந்நிறுவனமே சொல்லிற்று. மின்னழுத்தம் மிகுந்தால் வரும் கேடு மெல்ல வருகிறது; வந்தபின் மீள்வதில்லை.

வரைகலை அட்டைக்குச் சிக்கனம்

இனி அட்டைக்கு வருவோம். இளைஞர்கள் இங்கேதான் அவசரப்படுகிறார்கள். ஓவர்கிளாக்கிங் என்று சொல்லி, வேகத்தை மேலும் மேலும் முடுக்க விரும்புகிறார்கள். இன்றைய அட்டைகள் வெப்பமும் மின்சாரமும் இடம் கொடுக்கும் அளவுக்குத் தாமாகவே வேகம் ஏற்றிக்கொள்பவை. அதற்கு மேலும் முடுக்கிப் பெறும் ஆதாயம் நூற்றுக்குச் சிலவே. அதற்காக ஏறும் வெப்பமும் இரைச்சலுமோ மிகுதி.

எதிர்த்திசையில் போவதே புத்திசாலித்தனம். அண்டர்வோல்டிங் எனப்படும் இம்முறையில் வேகத்தைக் காத்துக்கொண்டு மின்னழுத்தத்தைக் குறைக்கிறோம். வேலை செய்யும் சில்லில் செலவாகும் மின்சாரம் மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறி இறங்கும். ஒரே வேகத்தில், 1.1 வோல்ட்டில் ஓடுவதை 1 வோல்ட்டுக்கு இறக்கினால், அச்செலவு ஏறத்தாழ 17 விழுக்காடு குறையும். பத்தில் ஒரு பங்கைவிடக் குறைவாக விட்டுக்கொடுத்து, ஆறில் ஒரு பங்கைச் சேமிக்கிறோம். ஆலையிலிருந்து வரும் அட்டைகளுள் மிகவும் சோனியானதும் தவறாமல் ஓடவேண்டும் என்று மின்னழுத்தம் சற்றுத் தாராளமாகவே வைக்கப்படுகிறது. ஆகவே பெரும்பாலான அட்டைகளில் குறைக்க இடமுண்டு.

இதற்கு எம்.எஸ்.ஐ. ஆப்டர்பர்னர் என்னும் இலவச மென்பொருள் போதும்; பிற நிறுவனத்து அட்டைகளுக்கும் அது ஒத்துழைக்கும். முதலில் அட்டையின் டிரைவர் மென்பொருளை அதன் நிறுவனத்திடமிருந்தே பெற்றுப் புதிதாக நிறுவுங்கள். பின்னர் ஆப்டர்பர்னரில் மின்னழுத்தமும் வேகமும் காட்டும் வளைகோட்டைத் திறந்து, 1000 மில்லி வோல்ட்டுக்கு நேரான புள்ளியை, அட்டை வழக்கமாக ஓடும் வேகத்துக்கு உயர்த்தி, அதற்கு அப்பாலுள்ள கோட்டைச் சமமாக்க வேண்டும். ஒரு மணி நேரம் விளையாடியோ, சோதனை ஓட்டியோ பாருங்கள். திரையில் புள்ளிகள் தெறித்தாலும், விளையாட்டு நின்றாலும் சற்றே வேகத்தை இறக்குங்கள். பல நாள் நன்றாக ஓடிய பின்னரே, கணினி எழும்போது தானே இயங்கும்படி அதைப் பதிவு செய்யலாம். இவ்வளவு நுணுக்கம் வேண்டாம் என்பவர்கள், மின்சார வரம்பை 100-இலிருந்து 80 விழுக்காட்டுக்கு இறக்கினாலே போதும். வேகத்தில் இழப்பது பெரும்பாலும் சிறிதே.

நம் நாட்டுக் கோடைக்கு இச்சிக்கனம் மிகவும் ஏற்றது. அட்டையின் வெப்பம் அறையின் வெப்பத்தின் மேலே ஏறி நிற்பது. 25 டிகிரி அறையில் 70 காட்டும் அட்டை, 38 டிகிரி அறையில் அதே விசிறி வேகத்தில் ஏறத்தாழ 83 காட்டும். குளிரூட்டிய அறையில் பிறர் சோதித்த எண்களைச் சித்திரை மாதத்து மாடியறையில் எதிர்பார்த்தல் கூடாது. கேபினட்டின் முன்விசிறி காற்றை உள்ளிழுக்கவும், பின்விசிறி வெளித்தள்ளவும் வேண்டும். சுவரோடு ஒட்டி வைக்கலாகாது. மாதம் ஒருமுறை தூசி வடிகட்டியைத் துடைக்க வேண்டும். எனினும் எண்ணைக் கண்டு வீணே அஞ்சவும் வேண்டாம். ரைசன் 7000 வரிசைப் பிராசஸர்கள் 95 டிகிரி வரை ஓடுமாறே வடிக்கப்பட்டவை.

விளையாட்டுக்குள் திருத்தம்

விளையாட்டின் அமைப்புப் பட்டியலில் எல்லாவற்றையும் உச்சத்தில் வைப்பது பெருமையாகத் தோன்றலாம். ஆனால் நிழல், ஒளிப் பிரதிபலிப்பு போன்றவற்றை ஒரு படி குறைத்தால் கண் வேறுபாடு காண்பது அரிது. அட்டையோ நன்றாக மூச்சு விடும். பரப்புகளின் நுணுக்கமான டெக்ஸ்சரை மட்டும், அட்டையின் நினைவகம் இடங்கொடுக்கும்வரை உயர்த்தியே வைக்கலாம்; ஆர்.டி.எக்ஸ். 4070-இல் 12 ஜி.பி. உண்டு. நினைவகம் நிரம்பி வழிந்தால் திக்கல் தொடங்கும்.

1920-க்கு 1080 திரையில் 20,73,600 புள்ளிகள்; நம் 2560-க்கு 1440 திரையில் 36,86,400. இவ்வளவையும் வரைய இயலாதபோது, என்விடியாவின் டி.எல்.எஸ்.எஸ்., ஏ.எம்.டி.யின் எப்.எஸ்.ஆர். ஆகியவை உதவும். இவற்றின் தர முறையில் நீள அகலங்கள் மூன்றில் இரு பங்காக்கப்படுகின்றன. அதாவது மொத்தப் புள்ளிகளில் ஒன்பதில் நான்கு பங்கை மட்டும் வரைந்து, எஞ்சியதைக் கணக்கிட்டு நிரப்புகின்றன.

பிரேம் எண்ணிக்கைக்கு ஒரு வேலி இடவும் மறவாதீர்கள். 2021 ஜூலையில், அமேசானின் நியூ வேர்ல்டு என்னும் விளையாட்டின் முன்னோட்டத்தின்போது, ஆர்.டி.எக்ஸ். 3090 அட்டைகள் சில செத்துப்போயின. தம் அட்டைகள் சிலவற்றில் இருந்த பற்றவைப்புக் குறையே காரணம் என்று ஈ.வி.ஜி.ஏ. நிறுவனம் பின்னர் கூறியது. விளையாட்டை ஆக்கியவர்களோ, பட்டியல் திரையில் பிரேம்களுக்கு வரம்பு விதித்தனர். அசையாத ஒரு பட்டியலை நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை வரைந்துகொண்டிருப்பதால் யாருக்கு என்ன லாபம்? திரையும் அட்டையும் இசைந்து ஓடும் ஜி-சிங்க் அல்லது பிரீசிங்க் அமைப்பை இயக்கி, 144 ஹெர்ட்ஸ் திரைக்கு 141 பிரேம் என வரம்பிட்டால், படம் கிழியாது. அட்டையும் வீணே உழைக்காது.

"ஒரே சொடுக்கில் வேகம்" என்று விளம்பரமாகும் முடுக்கு மென்பொருள்களை அண்டவே விடாதீர்கள். அவை தரும் நன்மை சிறிது. கூட வரும் அழையா விருந்தாளிகளோ பலர்.

புதிய அட்டை எப்போது?

இத்தனையும் செய்தபின் மீண்டும் அதே சோதனையை ஓட்டி, நோட்டின் முதற்பக்கத்தோடு ஒப்பிடுங்கள். இன்னும் குறை இருந்தால், கடைக்குப் புறப்படுமுன் ஒரு கேள்விக்கு விடை காணுங்கள். விளையாட்டின் புள்ளி அளவை 1440-இலிருந்து 1080-க்கு இறக்கினால் பிரேம்கள் ஏறுகின்றனவா? ஏறினால், தடை வரைகலை அட்டையில் இருக்கிறது; அட்டை 97, 98 விழுக்காடு உழைப்பதையும் அளவுக் கருவி காட்டும். அப்போது பெரிய அட்டை கேட்பதில் நியாயம் உண்டு. ஏறவில்லை என்றாலோ, பிரேம் வரம்பு குறுக்கே நிற்காதபோது, தடை பெரும்பாலும் பிராசஸரிலோ ரேமிலோ இருக்கிறது. இரு மடங்கு விலையுள்ள அட்டையை வாங்கிப் பூட்டினாலும் ஒரு பயனும் விளையாது. ஐந்து நிமிடச் சோதனை இது. ஒரு குடும்பத்தின் பல மாதச் சேமிப்பை இது காப்பாற்றக்கூடும்.

பெற்றோர்களே, பிள்ளை அட்டை கேட்கும்போது கோபிக்க வேண்டாம், நோட்டைக் கேளுங்கள். எண்களின் பொருள் உங்களுக்கு விளங்காவிட்டாலும், அருகில் அமர்ந்து விளக்கச் சொல்லுங்கள். இளைஞர்களே, தந்தையிடம் பணம் கேட்குமுன் அந்த நோட்டை நிரப்புங்கள். தன் கையிலிருக்கும் பொருளை அளந்து, திருத்தி, அதன் எல்லையைக் கண்டவன் கேட்கும்போது அந்தக் கேள்விக்கே ஒரு மதிப்பு உண்டு. அளவறிந்து நடத்தினால், இன்று பூட்டிய இக்கணினி பல ஆண்டு உங்களுக்கு உழைக்கும்.

அடுத்த திங்கள் சந்திப்போம்.